கரண்ட் வைத்தால் மெலிந்த தொடை தேறுமா?

உங்கள் ஒரு கேள்விக்குள் நான்கு கேள்விகள் இருக்கின்றன. தம்பிக்கு 24 வயது, கடுமையான ஹீமோபிலியா ஏ, அதாவது ரத்தத்தை உறையவைக்கும் ஃபேக்டர் எட்டு என்ற புரதம் ஏறக்குறைய இல்லாததால் மூட்டுக்குள்ளும் தசைக்குள்ளும் ரத்தம் கசியும் நோய். வலது முழங்கால் பள்ளிக்கூட நாளிலிருந்தே வீங்குவதும் வற்றுவதுமாக இருந்து, இப்போது வலது தொடை இடது தொடையைவிடக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மெலிந்துவிட்டது. உள்ளூர் ஃபிசியோ கரண்ட் மெஷின் வைத்தால் தசை ஏறும் என்கிறார். அம்மாவோ, கரண்ட் வைத்தால் உள்ளே ரத்தம் கசியும் என்று தடுக்கிறார். இது உதவுமா, ஆபத்தா, ஆன்லைனில் இரண்டாயிரம் ரூபாய்க்கு விற்கும் மெஷினை வாங்கி வீட்டிலேயே வைக்கலாமா, மூட்டு பழையபடி ஆகுமா?

கடைசியிலிருந்து வருகிறேன். மூட்டு பழையபடி ஆகாது. அரித்துப்போன குருத்தெலும்பை எந்த மெஷினும் வளர்த்துத் தராது. வளர்த்துத் தருகிறேன் என்று யாராவது பேக்கேஜ் போட்டுப் பணம் கேட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். ஆனால் தம்பி படி இறங்கத் தயங்குவதற்கும், நாற்காலியிலிருந்து எழக் கையை ஊன்றுவதற்கும் மூட்டு மட்டும் காரணமில்லை. தொடைக்கும் அதில் பெரிய பங்கு இருக்கிறது. அந்தப் பங்கை மீட்க வழி உண்டு. கரண்ட் அதற்கான முதல் சில வாரங்களுக்குத்தான். அதற்குப் பிறகு அவர்தான் உழைக்கவேண்டும்.

நான் ஃபிசியோதெரபிஸ்ட். ஹீமோபிலியா பிள்ளைகளோடு பல வருடம் வேலை பார்த்திருக்கிறேன். எனக்கு முதலில் புரியாமல் இருந்த விஷயத்திலிருந்தே தொடங்குகிறேன்: தொடை ஏன் மெலிகிறது?

வலிக்குப் பயந்து காலை ஊன்றாமல் இருந்ததால் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அதுவும் உண்மைதான், ஆனால் அரைகுறை உண்மை. முழங்காலுக்குள் ரத்தம் இறங்கும்போது மூட்டின் உறை விரிகிறது. உறையில் இருக்கும் உணர்நரம்புகள் உடனே தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. அங்கிருந்து தொடையின் முன்தசைக்குப் போகவேண்டிய கட்டளை மட்டுப்படுகிறது. வலி இல்லாவிட்டாலும் இது நடக்கும். 1984-இல் வெளியான ஒரு ஆய்வில், நல்ல முழங்காலுக்குள் வெறும் உப்புநீரைச் செலுத்திப் பார்த்தார்கள். 20 முதல் 30 மி.லி. போனதுமே தொடையின் உட்பக்கத் தசை தளர ஆரம்பித்தது. முன்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் தளர்த்த 50 முதல் 60 மி.லி. தேவைப்பட்டது. நாலைந்து டீஸ்பூன் உப்புநீருக்கே உட்பக்கத் தசை படுத்துவிடுகிறது என்றால், வருடக்கணக்கில் ரத்தம் இறங்கிய முழங்காலில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கு மேல் ரத்தமே செய்யும் சேதம் ஒன்று இருக்கிறது. மூட்டுக்குள் இறங்கிய ரத்தத்தின் இரும்பு, மூட்டின் உள்சவ்வில் படிந்து அதைத் தடிக்கவைக்கிறது. தடித்த சவ்வில் புதுப்புது ரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. அவை லேசில் உடைபவை, அதனால் அடுத்த கசிவு முன்னதைவிட எளிதாக வரும். ஆறு மாதத்துக்குள் ஒரே மூட்டில் மூன்று முறையோ அதற்கு மேலோ தானாக ரத்தம் இறங்கினால் அதை டார்கெட் ஜாயின்ட் என்பார்கள். உங்கள் தம்பியின் வலது முழங்கால் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்திருக்கும். இப்போது ப்ளீட் (ரத்தக் கசிவு) குறைந்திருந்தாலும் சவ்வு தடித்தே இருந்தால், வலியில்லாமல் பஞ்சுபோல் ஒரு வீக்கம் நின்றுகொண்டே இருக்கும். அந்த வீக்கம் இருக்கும்வரை தொடைக்குப் போகும் கட்டளை தடைபட்டே இருக்கும்.

வீட்டில் ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கி வைத்தால் பல்ப் எரியாது. பல்பிலும் பழுதில்லை, வயரிலும் பழுதில்லை. பிள்ளைகளின் தொடை இப்படித்தான் இருக்கிறது. "காலை நீட்டு, முட்டியை அமுக்கு, பத்து எண்ணு" என்று நாம் சொல்கிறோம். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு முயல்கிறான், தொடையில் லேசாக ஒரு அசைவு தெரிகிறது, அவ்வளவுதான். இரண்டு வாரம் செய்துவிட்டு விட்டுவிடுவான். வீட்டில் சோம்பேறி என்று பெயர் வாங்குவான். நானே ஒரு பையனை அப்படித் திட்டியிருக்கிறேன். அவன் ஒன்றும் பேசாமல் கால்சட்டையைச் சுருட்டி இறக்கிக்கொண்டு போனது இன்னும் நினைவில் இருக்கிறது. தசைக்கு ஆணையே போய்ச் சேரவில்லை என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

மின்தூண்டல் வேலைக்கு வருவது இங்கேதான். தோலின் மேல் ஒட்டும் பேட் வழியாகப் போகும் சின்னச் சின்ன மின்துடிப்புகள், தசைக்குள் போகும் இயக்க நரம்பின் கிளைகளைத் தூண்டுகின்றன. தண்டுவடத்தில் இருக்கும் தடைக்கு இந்தப் பக்கம் நின்று வேலை செய்வதால், மூளையின் கட்டளைக்குக் காத்திருக்காமல் தசை இறுகுகிறது. தம்பியால் தானாக இறுக்க முடியாத தசை மெஷினுக்கு இறுகுவதைக் கண்ணால் பார்க்கலாம். முதல் நாளே பார்க்கலாம்.

இதில் ஒரு குறையும் உண்டு. நாமாகத் தசையை இறுக்கும்போது உடம்பு முறை வைத்து வேலை வாங்கும்: முதலில் சின்ன, எளிதில் களைக்காத இழைகள், பாரம் கூடக் கூடப் பெரிய இழைகள், ஒன்று களைத்தால் இன்னொன்று. மெஷினுக்கு அந்த நாசூக்கு தெரியாது. பேட்டுக்கு அடியில் அகப்பட்ட இழைகளையே ஒரே நேரத்தில், மறுபடி மறுபடி உதைக்கும். அதனால் தசை சீக்கிரம் களைத்துப்போகும். இதைத் தெரிந்துதான் வேலை நேரத்தைவிட ஓய்வு நேரத்தை நீளமாக வைக்கிறோம். 1970-களில் சோவியத் நாட்டில் யாகோவ் கோட்ஸ் என்பவர் விளையாட்டு வீரர்களுக்கு 10 விநாடி கரண்ட், 50 விநாடி ஓய்வு, பத்து முறை என்று ஒரு கணக்கு வைத்தார். அவர் சொன்ன அளவுக்குப் பலம் கூடியது மற்றவர்கள் சோதித்தபோது கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் பத்துக்கு ஐம்பது கணக்கு மட்டும் உலகம் முழுக்க ஃபிசியோ அறைகளில் தங்கிவிட்டது. ஹீமோபிலியா பிள்ளைகளுக்கு நானும் அதில்தான் தொடங்குவேன்.

இனி அம்மாவின் பயம். அம்மா சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். கரண்ட் ரத்தக் குழாயைத் துளைக்காது, ரத்தத்தை நீர்க்கவைக்காது. அந்த வகையில் பயம் வேண்டாம். ஊசி குத்துவதும் இல்லை. தசையில் ஊசி போடுவதே இவர்களுக்குக் கூடாது என்று உங்களுக்குத் தெரியும், இது தோலுக்கு மேல் மட்டும். ஆனால் கரண்டால் இறுகுவதும் தசைதான். பலமாக, திடீரென்று, தயாரில்லாத தசையை இறுக்கினால் தசைக்குள் கசிய இடமுண்டு. தசை மூட்டை இழுப்பதால் ஏற்கெனவே தடித்து வீங்கி நிற்கும் சவ்வும் நசுங்கலாம். ஆகவே யாருக்கு, எப்போது, எந்த அளவில் என்பதை முதலில் தீர்மானிக்கவேண்டும்.

முதல் நிபந்தனை ஃபேக்டர். தம்பி தடுப்பு முறையில் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை ஃபேக்டர் எட்டு போட்டுக்கொள்கிறார் என்றால், போட்ட அன்றைக்கே, போட்ட சில மணி நேரத்துக்குள் கரண்ட் வையுங்கள். சாதாரண ஃபேக்டர் எட்டு 8 முதல் 12 மணி நேரத்தில் பாதியாகிவிடும். இன்று காலை போட்டதை நம்பி நாளை மாலை வைப்பதில் அர்த்தமில்லை. ஃபேக்டர் எட்டின் வேலையைச் செய்யும் எமிசிஸுமாப் என்ற மருந்தைப் போட்டுக்கொள்பவர்களுக்கு இந்த மணிக்கணக்குத் தொல்லை இல்லை, பாதுகாப்பு ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும். ப்ளீட் வந்தால் மட்டும் ஃபேக்டர் போடுகிறவர் என்றால், ஃபிசியோ தொடங்கும் முன் ரத்தவியல் மருத்துவரிடம் போய், கரண்ட் வைக்கும் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு மட்டுமாவது ஃபேக்டர் பாதுகாப்புக் கேளுங்கள். தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஃபேக்டர் இலவசம்தான். கேட்கும்போது ஃபிசியோ எழுதிக்கொடுத்த திட்டத்தைக் கையில் வைத்திருந்தால் பேச்சு எளிதாக முடியும். இன்ஹிபிட்டர், அதாவது போட்ட ஃபேக்டரை வேலை செய்யவிடாமல் தடுக்கும் எதிர்ப்பொருள், உடம்பில் இருப்பவர் என்றால் கதை வேறு. அவர்கள் பெரிய சிகிச்சை மையத்துக்கு வெளியே இதைத் தொடங்கவே வேண்டாம்.

இரண்டாவது, இன்றைக்கு மூட்டில் ப்ளீட் இல்லை என்பது உறுதியாகவேண்டும். உங்கள் தம்பிக்கு அது நம்மைவிட நன்றாகத் தெரியும். வீக்கம் வெளியே தெரியும் முன்னாலேயே உள்ளே சுறுசுறுவென்று ஒன்று ஓடும், பிறகு இறுக்கம், சூடு, மடக்க முடியாமை என்று வரிசையாக வரும். பழைய மூட்டுத் தேய்வின் வலி அப்படி இல்லை. காலையில் எழும்போது பிடிக்கும், நாலு நடை நடந்தால் இளகும், மாலையில் களைப்போடு திரும்ப வரும். சந்தேகம் இருந்தால் அன்றைக்கு மெஷின் வேண்டாம். ப்ளீட் நின்று, சூடு ஆறி, பழைய அளவுக்கு மடக்க முடிந்த பிறகுதான் மறுபடி. இடுப்பில் இருக்கும் சோவாஸ் தசையில் எப்போதாவது ரத்தம் இறங்கியிருந்தால் அதை ஃபிசியோவிடம் கட்டாயம் சொல்லுங்கள். அந்த ரத்தம் தொடைக்கு வரும் நரம்பையே அமுக்கும். அப்போது தொடை மெலிந்திருப்பதற்குக் காரணம் முழங்கால் இல்லை, தொடையின் முன்பக்கம் மரத்தும் இருக்கலாம். மரத்த தோலில் கரண்ட் வைத்தால் சுடுவது தெரியாது.

பேஸ்மேக்கர் வைத்தவர், வலிப்பு உள்ளவர், காலில் ரத்தக்கட்டி உள்ளவர், அந்த இடத்தில் புண்ணோ கட்டியோ இருப்பவர் ஆகியோருக்கு இது பொதுவாகவே ஆகாது. ஹீமோபிலியாவுக்கென்று தனியாக ஒன்று சேர்ப்பேன்: பழைய ரத்தம் தங்கி உருவாகும் போலிக்கட்டி தொடையிலோ இடுப்பிலோ இருந்தால் அந்தப் பக்கமே போகக்கூடாது.

ஒரு முறை கரண்ட் வைப்பது எப்படிப் போகும் என்று சொல்கிறேன். தம்பியோடு நீங்கள் போனால் எது சரி, எது தப்பு என்று கவனிக்க உதவும்.

தொடையில் முடி அடர்த்தியாக இருந்தால் பேட் ஒட்டாது. பிளேடு போட்டு மழிக்கவேண்டாம், ஒரு கீறல் போதும் நம் ஆட்களுக்கு. கத்திரியாலோ டிரிம்மராலோ குறைத்தால் போதும். சோப்பு போட்டுக் கழுவி ஈரம் ஒற்றி எடுக்கவேண்டும், எண்ணெய்ப் பசை இருந்தால் கரண்ட் ஒரே இடத்தில் குவிந்து சுருக்கென்று குத்தும். தொடைக்குப் பெரிய பேட் இரண்டு: ஒன்று தொடையின் மேல்புறம் சற்று வெளிப்பக்கமாக, இன்னொன்று முழங்கால் சில்லுக்கு மேல் மூன்று விரல் தள்ளி உட்பக்கமாக. முதலில் சோர்ந்துபோவது அந்த உட்பக்கத் தசைதான் என்று மேலே சொன்னேனே, கீழ்ப் பேட்டின் குறி அதுதான். பேட் சின்னதாக இருந்தால் தசை இறுகும் முன் தோல் எரியும். "எனக்குத் தாங்கவில்லை" என்று சொல்லி ஓடிப்போனவர்களில் பலருக்குப் பேட்தான் பிரச்சினையாக இருந்திருக்கிறது.

காலை எப்படி வைப்பது? முழங்காலுக்குக் கீழே சுருட்டிய துண்டு வைத்து, அதிகம் மடங்காமல், வலியில்லாத கோணத்தில். கால் அசையக்கூடாது, தசை மட்டும் இறுகவேண்டும். தேய்ந்த மூட்டை ஆட்டி ஆட்டித் தசை வளர்ப்பதைவிட, மூட்டை அசையாமல் நிறுத்திவைத்துத் தசையை வேலை வாங்குவது இவர்களுக்குப் பாதுகாப்பு.

மெஷினில் துடிப்பின் அகலம் 300 முதல் 400 மைக்ரோ விநாடி, விநாடிக்குத் துடிப்பு 35 முதல் 50 வரை. கரண்ட் ஒரேயடியாகப் பாயாமல் இரண்டு மூன்று விநாடியில் ஏறி, இறங்கும்போதும் மெதுவாக இறங்கவேண்டும். இந்த ஏற்ற இறக்கத்தை நான் எல்லோருக்கும் வைப்பேன், ஹீமோபிலியா என்றால் இன்னும் நீட்டிவைப்பேன். குமிழைத் திருப்பத் திருப்ப முதலில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். பிறகு கிண்ணென்று ஒரு அதிர்வு. இன்னும் கொஞ்சம் ஏற்றினால் தொடைக்குள் யாரோ கையை விட்டுப் பிசைவதுபோல் ஒரு இழுப்பு வரும். அப்போது முழங்காலைப் பாருங்கள், சில்லு இடுப்பை நோக்கி மேலே நகரும். சில்லு நகரவில்லை என்றால் உருப்படியாக எதுவும் நடக்கவில்லை என்று பொருள். பல வருடம் அசையாமல் கிடந்த சில்லு தன் கண் முன்னால் நகர்வதைப் பார்த்து ஒரு பையன் செல்ஃபோனில் வீடியோ எடுத்து அவன் அம்மாவுக்கு அனுப்பினான்.

அந்த இழுப்பு வரும்போது தம்பி சும்மா படுத்திருக்கக்கூடாது. கரண்ட் ஏறும்போதே அவரும் சேர்ந்து முட்டியைத் துண்டில் அமுக்கவேண்டும். மெஷின் பாட்டுக்கு வேலை செய்ய, ஆள் மொபைலில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தால் தசை ஓரளவு பருக்கலாம், ஆனால் அறுந்துபோன கட்டளைப் பழக்கம் திரும்ப வராது. நம் குறி அந்தப் பழக்கம்தான்.

பத்து முதல் பதினைந்து இழுப்பு, எல்லாம் சேர்த்து கால் மணி நேரம். வாரத்துக்கு மூன்று நாள், ஆறிலிருந்து எட்டு வாரம். முதல் இரண்டு வாரம் தாங்கக்கூடிய அளவுக்கும் கீழேயே நிறுத்துங்கள். மற்றவர்களுக்கு "எவ்வளவு தாங்குகிறீர்களோ அவ்வளவு" என்று ஏற்றுவோம், ஏனென்றால் இழுப்பு எவ்வளவு பலமோ அவ்வளவு பலன். முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் (ஏ.சி.எல்.) அறுவைச் சிகிச்சை செய்தவர்களிடம் 1990-களிலேயே அது தெளிவாகிவிட்டது. ஹீமோபிலியாவில் அந்த இடத்துக்கு நாம் படிப்படியாகத்தான் போகவேண்டும். மறுநாள் தொடை முழுக்க, ஜிம்முக்குப் புதிதாகப் போனவனுக்கு வலிப்பதுபோல் பரவலாக வலித்து, இரண்டு நாளில் அடங்கினால் சரி. ஒரே இடத்தில் கெட்டியாக வலித்தாலோ, முழங்கால் சூடாகி மடக்க முடியாமல் போனாலோ அது வேறு. உடனே ஃபேக்டர், பிறகு மருத்துவருக்கு ஃபோன்.

ஆன்லைன் மெஷினுக்கு வருகிறேன். இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைப்பதில் பெரும்பாலானவை டென்ஸ் மெஷின். டென்ஸ் வலிக்கு. விநாடிக்கு எண்பது நூறு துடிப்பு வைத்து, தோல் நரம்பைக் கிச்சுகிச்சு மூட்டி, வலிச் செய்தியை மட்டுப்படுத்தும். தசை இறுகாது, இறுகவும் கூடாது. டவுன் கிளினிக்குகளில் "கரண்ட் வைச்சாங்க" என்று சொல்வதில் முக்கால்வாசி ஐஎஃப்டி (இன்டர்ஃபெரன்ஷியல் கரண்ட்) என்ற இன்னொரு வகை, அதையும் இங்கே வலிக்குத்தான் வைக்கிறார்கள். ஒரு கிளினிக்கில் வீங்கிய ஹீமோபிலியா முழங்காலுக்குப் பத்து நிமிடம் ஐஎஃப்டி, அதன் மேல் சூடான ஒத்தடம் என்று மூன்று மாதம் வைத்து அனுப்பிய பையனை நான் பார்த்திருக்கிறேன். தொடை ஒரு அங்குலம்கூட ஏறவில்லை. சவ்வு வீங்கி நிற்கும் மூட்டில் சூடு வைத்தது இன்னும் மோசம். ஆகவே "கரண்ட்" என்ற ஒரே சொல்லை நம்பாதீர்கள். "வலிக்கா, தசைக்கா?" என்று கேளுங்கள். தசைக்கு என்றால் மெஷினில் மூன்று விஷயம் இருக்கவேண்டும்: துடிப்பின் அகலத்தை 300 மைக்ரோ விநாடிக்கு மேல் வைக்க வசதி, கரண்ட் ஓடும் நேரத்தையும் ஓய்வு நேரத்தையும் தனித்தனியாக வைக்க வசதி, ஏற்ற இறக்க வசதி. பேட்டரியில் ஓடுவதாக இருக்கட்டும். முதல் ஆறேழு முறை ஃபிசியோவின் கண் முன்னால் வைத்துவிட்டு, பேட் ஒட்டும் இடத்தைத் தோலில் பேனாவால் குறித்துக்கொண்டு, அதன் பிறகு வீட்டில் வைக்கலாம். நெஞ்சுக்குக் குறுக்கேயோ கழுத்திலோ எந்தக் காலத்திலும் பேட் வைக்கக்கூடாது.

உடம்பு முழுக்கக் கரண்ட் பாய்ச்சும் உடுப்பு மாட்டி இருபது நிமிடத்தில் உடற்பயிற்சி என்று நகரங்களில் இப்போது ஒரு மோஸ்தர் வந்திருக்கிறது. தம்பியை அந்தப் பக்கமே விடாதீர்கள். எல்லாத் தசையையும் ஒரே நேரத்தில் உதைப்பதால், நல்ல ஆரோக்கியமானவர்களுக்கே தசை இழை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதித்த கதை உண்டு. ரத்தம் உறையாதவருக்கு அந்தப் பரீட்சை வேண்டாம்.

இதெல்லாம் நிரூபணமானதா என்று கேட்பீர்கள். முழங்கால் மாற்று அறுவைச் சிகிச்சை செய்தவர்களிடம் நல்ல ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோவில் 66 பேரிடம் நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், அறுவை முடிந்த 48 மணி நேரத்திலேயே தொடங்கி, தினம் இரண்டு வேளை, ஆறு வாரம் கரண்ட் வைத்தவர்களுக்குத் தொடைப் பலம் மற்றவர்களைவிடக் குறைவாகவே இறங்கியது. ஒரு வருடம் கழித்தும் வித்தியாசம் தெரிந்தது. தசைத் தடை அங்கேயும் இதே தடைதான் என்பதால் அந்தப் பாடம் நமக்கும் பொருந்துகிறது. ஹீமோபிலியாவுக்கென்றே நடந்தவை சிறிய ஆய்வுகள். ஸ்பெயினின் வலென்சியாவில் ஒரு குழு ஹீமோபிலியா ஏ நோயாளிகளின் தொடைத் தசையில் மின்தூண்டல் வைத்துப் பார்த்து 2006-இல் எழுதியது. நம்பிக்கை தரும் முடிவுதான், ஆனால் கொஞ்சம் ஆட்களை மட்டும் வைத்து எட்டுகிற முடிவுகளின் மேல் கோட்டை கட்டக்கூடாது. என் கணிப்பு: தானாகத் தொடையை இறுக்க முடியாதவருக்கு இது பெரிய உதவி. தானாக நன்றாக இறுக்க முடிகிறவருக்கு ரப்பர் பேண்ட் கட்டிச் செய்யும் பயிற்சியே போதும், மெஷின் செலவு வீண்.

தம்பி எந்த ரகம் என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம். படுக்கவைத்து, முழங்காலை முழுக்க நீட்டச் சொல்லி, குதிகாலை ஒரு சாண் தூக்கச் சொல்லுங்கள். தூக்கும்போது முழங்கால் லேசாக மடங்கிக்கொண்டால், அதாவது கையால் நீட்டினால் நீளும் அளவுக்குத் தானாக நீட்ட முடியவில்லை என்றால், அவருக்குக் கரண்ட் உதவும். கையால் நீட்டினாலும் நீளவில்லை என்றால் மூட்டே மடங்கி இறுகிவிட்டது. அதற்குத் தொடையில் கரண்ட் வைப்பதைவிட முதலில் மாவுக்கட்டு மாற்றி மாற்றிப் போட்டோ ஸ்ப்ளின்ட் வைத்தோ நீட்டும் வேலையைப் பார்க்கவேண்டும். சவ்வு வீக்கம் அடங்காமலே நின்றால், மூட்டுக்குள் கதிரியக்க மருந்து செலுத்திச் சவ்வை வற்றவைக்கும் சிகிச்சை உண்டு, அதைப் பற்றி எலும்பு மருத்துவரிடம் கேளுங்கள். நீர் கோத்து நிற்கும் மூட்டோடு தசையை வளர்க்கப் பார்ப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான்.

தொடை எவ்வளவு தேறியது என்று பார்க்க டேப் போதும்: சில்லின் மேல் விளிம்பிலிருந்து பத்து சென்டிமீட்டர் மேலே ஒரு புள்ளி வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இரண்டு தொடையையும் சுற்றளவு எடுங்கள். ஆனால் சுற்றளவைவிட எனக்குப் பிடித்த அளவுகோல் வேறு. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் ஹீமோபிலியாவுக்கென்றே ஃபிஷ் என்று ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கினார்கள். எட்டு வேலைகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண், எல்லாம் முடிந்தால் 32. சாப்பிடுவது, குளிப்பது, உடுப்பது, நாற்காலியிலிருந்து எழுவது, நடப்பது, படி ஏறுவது, ஓடுவது, அதோடு குத்துக்கால் வைத்து உட்கார்ந்து எழுவது. வேலூரில் உருவானதால்தான் அந்தக் கடைசி வேலைக்கும் மதிப்பெண் வைக்கத் தோன்றியது என்று நான் நினைத்துக்கொள்வேன். நம் வீட்டுக் கழிவறையிலும், கோயில் பிரகாரத்திலும், பந்தியிலும் அதுதானே கேள்வி. தொடங்கும் நாளில் ஒரு முறை, எட்டாவது வாரம் ஒரு முறை இதைப் போடச் சொல்லுங்கள். தேய்ந்த முழங்காலோடு குத்துக்காலில் நாலு வாங்குவது நடக்காது, அதற்கு ஆசைப்பட்டு மூட்டை வருத்தவும் வேண்டாம். படியும் நாற்காலியும்தான் மாறும்.

அதே சி.எம்.சி.யில் ஐந்து பேருக்கு மரபணு சிகிச்சை செய்து, அவர்களுக்கு அதன் பிறகு ரத்தக் கசிவே வரவில்லை என்று 2024 டிசம்பரில் அறிவித்தார்கள். அதைப் படித்துவிட்டு "இனி ஃபிசியோ எதற்கு?" என்று என்னிடம் ஒருவர் கேட்டார். நாளைக்கே தம்பிக்கு அந்தச் சிகிச்சை கிடைத்தாலும் இனி வரும் கசிவுதான் நிற்கும். இருபது வருடம் இறங்கிய ரத்தம் அரித்த முழங்கால் அப்படியே இருக்கும், அதைத் தாங்கத் தொடை வேண்டும்.

மூன்றாவது நான்காவது வாரத்தில், கரண்ட் இல்லாமலே முட்டியை அமுக்கும்போது சில்லு நகர ஆரம்பிக்கும். அன்றிலிருந்து மெஷினின் பங்கைக் குறையுங்கள். முதலில் பத்து இழுப்பு மெஷினோடு, பத்து தானாக. அப்புறம் ஐந்துக்குப் பதினைந்து. பிறகு காலைத் தூக்கிப் பிடிப்பது, உயரமான நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது, அரை அடிப் படியில் ஏறி இறங்குவது. ஏறுவது முதலில் வரும், இறங்குவது தாமதமாகத்தான் வரும், ஏனென்றால் இறங்கும்போது தொடை நீண்டுகொண்டே பாரம் தாங்கவேண்டும். இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளட்டும், அதில் வெட்கமில்லை.

பேட் இருபது முப்பது முறைக்கு மேல் தாங்காது. ஓரம் தூக்கிக்கொண்டு நின்றால் புதிது வாங்கிவிடுங்கள், செல்லோடேப் போட்டு ஒட்டவேண்டாம். அடுத்த முறை ஃபிசியோவிடம் போகும்போது கடைசியாக எப்போது ப்ளீட் வந்தது, எப்போது ஃபேக்டர் போட்டது, இன்ஹிபிட்டர் டெஸ்ட் கடைசியாக எப்போது பார்த்தது என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். அவர் இந்த மூன்றையும் கேட்காமலே பேட் ஒட்ட ஆரம்பித்தால், வேறு ஆளைப் பாருங்கள்.